பிளேட்டுக்குப் பின்னால் கற்றது: வில்பர்ட் ராபின்சன் என்ற கேட்சரும் கோச்சும்

1908இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற பேஸ்பால் அணி ரூப் மார்க்வார்ட் என்ற இடக்கைப் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, இண்டியானாபொலிஸ் அணியிடமிருந்து 11,000 டாலருக்கு வாங்கியது. பையனுக்கு அப்போது வயது 21. சின்ன லீகில் ஆடிக்கொண்டிருந்த ஒருவருக்கு அவ்வளவு தொகை கொடுத்ததைப் பார்த்து ஊரே வாய்பிளந்தது. அப்புறம் சிரித்தது. பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பிட்சரின் பெயரிலும் எழுதுவார்கள். 1909இல் மார்க்வார்ட் 5 ஆட்டங்களில் வென்று 13இல் தோற்றார். 1910இல் 4 வெற்றி, 4 தோல்வி. பத்திரிகைகள் அவரை '11,000 டாலர் எலுமிச்சை' என்று எழுதின. ஏமாந்து வாங்கிய உதவாத பொருளை அமெரிக்கர்கள் எலுமிச்சை என்பார்கள்.

1911இல் அதே மார்க்வார்ட் 24 ஆட்டங்களில் வென்றார், 7இல் மட்டும் தோற்றார். ஜயன்ட்ஸ் ஆடிய நேஷனல் லீகிலேயே அதிக ஸ்டிரைக் அவுட் (பேட்டரைப் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றுவது) எடுத்தவரும் அவர்தான், 237. 1912இல் சீசனின் தொடக்கத்திலிருந்து ஜூலை 3 வரை தொடர்ச்சியாக 19 வெற்றி. 1888இல் டிம் கீஃப் செய்திருந்த சாதனைக்கு அது சமம். நூறு ஆண்டு தாண்டியும் ஒரே சீசனில் அதை யாரும் மிஞ்சவில்லை.

இடையில் என்ன நடந்தது? டெக்சஸில் உள்ள மார்லின் என்ற சிற்றூரில் ஜயன்ட்ஸ் வசந்தகாலப் பயிற்சி எடுப்பது வழக்கம். 1911இல் பிட்சர்களைக் கவனிக்க அங்கே ஒருவர் வந்து சேர்ந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, பருத்த உடம்பு, அடிபட்டு வளைந்த விரல்கள், கலகலப்பான சுபாவம். பெயர் வில்பர்ட் ராபின்சன். ஆட்டத்தை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்த பழைய கேட்சர். மார்க்வார்டிடம் வேகம் ஏற்கெனவே இருந்தது, இல்லாதது கட்டுப்பாடும் தன்னம்பிக்கையும். ராபின்சன் அவரோடு உட்கார்ந்தார், பந்தை வாங்கினார், பேசினார், மறுபடி வீசச் சொன்னார். அணியின் மேனேஜர் ஜான் மெக்ரா கடுமையானவர், ஆட்டக்காரர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவார். ராபின்சனின் போக்கு அதற்கு நேரெதிர்.

இன்று எந்தப் பெரிய பேஸ்பால் அணியிலும் பிட்சர்களுக்கென்று தனி கோச் உண்டு. அப்படி ஒரு பதவி இருக்கலாம் என்ற எண்ணமே அன்று புதிது. அந்த வேலையை முதன்முதலாக ஒழுங்காகச் செய்து பலன் காட்டியவர்களில் ராபின்சனை முன்வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதை அவர் கற்ற இடம் பேட்டரின் முதுகுக்குப் பின்னால் உள்ள அந்த மூன்றடி மண்தான்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கேட்சர் என்பவரை நம் விக்கெட் கீப்பரோடு ஒப்பிடலாம். ஆனால் வேகப்பந்து வீச்சாளருக்கும் ஸ்டம்பை ஒட்டியே, அதுவும் குந்தி உட்கார்ந்தபடி நிற்கும் கீப்பர் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அதோடு அடுத்த பந்து எப்படி வரவேண்டும், வேகமாகவா வளைந்தா, உள்ளேயா வெளியேயா என்று விரல் சைகையால் சொல்பவரும் அவரே. மைதானத்தில் மற்ற எட்டுப் பேரும் பேட்டரைப் பார்த்து நிற்க, கேட்சர் ஒருவர் மட்டும் அவர்கள் எல்லோரையும் பார்த்து உட்கார்ந்திருப்பார். யார் எங்கே தள்ளி நிற்கிறார், பேட்டரின் கால் எங்கே மாறியது, பிட்சரின் தோள் எப்போது சோர்கிறது, எல்லாம் அவர் கண்ணில் படும். ஒரு ஆட்டத்துக்கு நூறு பந்துக்கு மேல், ஆண்டுக்கு நூறு ஆட்டம், பதினைந்து ஆண்டு. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்?

அந்தப் பள்ளிக்குக் கட்டணம் உடம்புதான். ராபின்சன் பெரிய லீகுக்கு வந்த 1886, விதிகளும் கருவிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருந்த காலம். அதற்குமுன் பிட்சர்கள் கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும் என்றிருந்தது. 1884இல் நேஷனல் லீக் அந்தத் தடையை எடுத்தது, பந்தின் வேகம் எகிறியது. பிட்சர் வீசும் கட்டமோ பேட்டரிலிருந்து 50 அடியிலேயே இருந்தது. இப்போதுள்ள 60 அடி 6 அங்குலம் 1893இல்தான் வந்தது. கேட்சரின் முகத்துக்குக் கம்பிக் கவசம் 1877இல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் ஃபிரெட் தேயரின் யோசனையாக வந்திருந்தது. மார்புக் கவசம் 1880களில் பரவியது. பஞ்சு திணித்த பெரிய கையுறை அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். முழங்காலுக்குக் கீழே கவசம் கட்டிக்கொண்டு ரோஜர் பிரெஸ்னஹன் ஆட வந்தது 1907இல். அதாவது, ராபின்சன் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு கழித்து. அவருடைய கெண்டைக்கால்கள் தொழில் வாழ்க்கை முழுக்க வெறுமையாகவே இருந்தன. பேட்டின் விளிம்பில் உரசித் திசைமாறும் பந்து வலது கை விரல்களைத்தான் தேடி வரும். 1896இல் அப்படி நசுங்கிய ஒரு விரலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. குணமானதும் திரும்பி வந்து ஆடினார்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் போல்டனில் பிறந்து, பக்கத்து ஊரான ஹட்சனில் வளர்ந்தவர் ராபின்சன். பிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸில் தொடங்கினார். அந்த அணி பணமில்லாமல் தள்ளாட, 1890இல் பால்டிமோர் ஓரியோல்ஸுக்குப் போனார். அவருடைய வாழ்க்கை அங்கேதான் உருப்பெற்றது.

1892 ஜூன் 10. செயின்ட் லூயிஸுக்கு எதிரான ஆட்டம். ராபின்சன் ஏழு முறை பேட் செய்ய வந்தார், ஏழு முறையும் ஹிட், அதாவது அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸ் என்ற ஓட்ட நிலையத்தை எட்டுவது. ஆறு ஒற்றை (ஒரு பேஸ்), ஒரு இரட்டை (இரண்டு பேஸ்). 11 ரன்களை அவர் அடித்த அடிகள் கொண்டுவந்தன. பால்டிமோர் 25–4 என்று வென்றது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழுக்கு ஏழு என்பது அதன்பின் ஒரே ஒருமுறைதான் பெரிய லீகில் நடந்திருக்கிறது. 1975 செப்டம்பர் 16இல் பிட்ஸ்பர்க்கின் ரெனி ஸ்டென்னட் அதைச் செய்தார், 83 ஆண்டு கழித்து. 11 ரன் சாதனைக்கும் ஒரு பின்கதை உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

இத்தனைக்கும் ராபின்சன் பெரிய பேட்டர் இல்லை. 1,371 ஆட்டங்களில் சராசரி .273, அதாவது ஆயிரம் முறைக்கு 273 ஹிட். 1894இல் மட்டும் .353 வந்தது. அந்த ஆண்டு எல்லோருமே அடித்தார்கள், ஏனென்றால் பிட்சர்கள் புதிய தூரத்துக்கு இன்னும் பழகவில்லை. அவருடைய மதிப்பு கையுறையிலும் குணத்திலும் இருந்தது. நெட் ஹான்லன் நடத்திய அந்த ஓரியோல்ஸ் 1894, 1895, 1896 என்று மூன்று ஆண்டும் லீக் பட்டம் வென்றது. மெக்ரா, ஹியூயி ஜென்னிங்ஸ், வில்லி கீலர், ஜோ கெல்லி என்று ஆளுக்கு ஆள் நெருப்பு. அம்பயரோடு சண்டை, எதிரணி ஓட்டக்காரரின் பெல்ட்டைப் பிடித்து இழுப்பது, காலை மிதிப்பது, எல்லாம் நடந்தது. அந்தக் கும்பலின் நடுவில் எரிவதை அணைக்கும் ஆள் ராபின்சன். முணுமுணுக்கும் இளம் பிட்சரைத் தட்டிக்கொடுப்பதும் அவர் வேலையாக இருந்தது. பிற்காலத்துக் கோச் அங்கேயே தயாராகிக்கொண்டிருந்தார்.

அவருக்கும் மெக்ராவுக்கும் இருந்த நட்பு விசித்திரமானது. ஒருவர் எலும்பும் கோபமும், மற்றவர் சதையும் சிரிப்பும். இருவரும் சேர்ந்து பால்டிமோரில் 'டயமண்ட் கஃபே' என்ற கடையை நடத்தினார்கள். 1899இல் ஹான்லனும் முன்னணி ஆட்டக்காரர்களும் புரூக்ளினுக்கு மாற்றப்பட்டபோது இவர்கள் இருவரும் போக மறுத்ததற்கு அந்தக் கடையும் ஒரு காரணம். 1900இல் லீக் 12 அணியிலிருந்து எட்டாகச் சுருங்கி பால்டிமோர் ஒழிந்ததும் இருவரும் செயின்ட் லூயிஸ் போனார்கள். 1901இல் புதிய அமெரிக்கன் லீகின் பால்டிமோர் அணிக்குத் திரும்பி வந்தார்கள். 1902 ஜூலையில் மெக்ரா லீக் தலைவரோடு முட்டிக்கொண்டு நியூயார்க்குக்குத் தாவினார், நல்ல ஆட்டக்காரர்கள் பலரும் போய்விட்டார்கள். மிச்சமிருந்த அணிக்கு ராபின்சன் மேனேஜர். 24 வெற்றி, 57 தோல்வி. அத்தோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

அதன்பின் பெரும்பாலும் பால்டிமோரில் சொந்தத் தொழில்தான். அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் கோச் என்ற சொல்லின் பொருள் மாறிக்கொண்டிருந்தது. 1880களில் கோச் என்றால் பேஸ் ஓரத்தில் நின்று கத்துகிற ஆள். தன் அணியின் ஓட்டக்காரருக்கு வழி சொல்வது பேருக்குத்தான். எதிரணிப் பிட்சரைக் கெட்ட வார்த்தையால் நிலைகுலைய வைப்பதே நோக்கம். செயின்ட் லூயிஸின் ஆர்லி லேதம் இதில் பேர்போனவர், கோட்டோரம் ஓடி ஓடிக் கத்துவார். 1887இல் கோச்சுகளுக்கென்று கட்டம் போட்டு, அதற்குள்ளேயே நிற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். அதே லேதமை 1909இல் மெக்ரா ஜயன்ட்ஸுக்குச் சம்பளத்துக்கு அமர்த்தினார். முழுநேர கோச்சாக இருந்த முதல் ஆள் என்று பொதுவாக அவரைத்தான் சொல்வார்கள். லேதம் செய்தது பெரும்பாலும் கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் வேலை. ராபின்சன் வந்து செய்தது ஒரு பிட்சரைப் பிட்சராக்கும் வேலை. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது எனக்கு இன்னும் பொருந்தாமல்தான் படுகிறது.

1911, 1912, 1913 மூன்று ஆண்டும் ஜயன்ட்ஸ் லீக் பட்டம் வென்றது. இரண்டு லீகின் பட்ட அணிகளும் மோதும் வேர்ல்டு சீரீஸில் மூன்று முறையும் தோற்றது. 1911இலும் 1913இலும் அவர்களைத் தோற்கடித்த பிலடெல்ஃபியா அணியின் மேனேஜர் கோனி மேக். அவரும் மாசசூசெட்ஸ்காரர், அவரும் 1886இல் பெரிய லீகுக்கு வந்த கேட்சர். எதிர் பெஞ்சிலும் குந்தியிருந்து ஆட்டம் கற்றவரே உட்கார்ந்திருந்தார்.

1913 கடைசி ஆட்டத்தில் தோற்ற இரவு, பழைய ஓரியோல்ஸ் நண்பர்கள் கூடிய விருந்தில் நட்பு உடைந்தது. பேஸ் ஓரத்தில் கோச்சாக நின்று ராபின்சன் தப்பு செய்துவிட்டார் என்று மெக்ரா குற்றம் சொன்னார். அந்தத் தொடரில் எல்லோரையும்விட அதிகமாகத் தப்பு செய்தது நீதான் என்று ராபின்சன் திருப்பிச் சொன்னார். மெக்ரா வெளியே போ என்றார். ராபின்சன் கையிலிருந்த பியரை அவர் மேல் ஊற்றிவிட்டுப் போனார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. இருபதாண்டுப் பழக்கம். மறுபடி பேசிக்கொள்ள அவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அந்தக் குளிர்காலத்திலேயே புரூக்ளின் அணி ராபின்சனை மேனேஜராக அழைத்தது. 1914 முதல் 1931 வரை பதினெட்டு சீசன் அங்கே இருந்தார். அவர் பெயரை வைத்தே அணியை 'ராபின்ஸ்' என்றார்கள், அவரை 'அங்கிள் ராபி' என்றார்கள்.

மேனேஜராக அவர் பெயர் இன்று பெரும்பாலும் வேடிக்கைக் கதைகளில்தான் அடிபடுகிறது. 1915இல் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் விமானத்திலிருந்து போடும் பந்தைப் பிடிக்கிறேன் என்று கையுறையோடு நின்றார். ரூத் லா என்ற பெண் ஓட்டிய விமானத்திலிருந்து வந்து விழுந்தது பம்பளிமாஸ் மாதிரியான கிரேப் ஃபுரூட். பழம் மார்பில் மோதிச் சிதற, வழிந்த சாற்றை ரத்தம் என்று நினைத்து அலறினார். 1926இல், ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய மூன்றாம் பேஸில் அவருடைய ஆட்டக்காரர்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் கதைகள் அவருடைய வேலையை மறைத்துவிட்டன என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அவரிடம் வந்த பிட்சர்களின் கணக்கைப் பாருங்கள்.

புரூக்ளின் 1913இல் ஆறாம் இடம். ராபின்சன் வந்தபின் ஐந்து, மூன்று, அப்புறம் 1916இல் முதலிடம். அந்த ஆண்டு ஜெஃப் ஃபெஃபர் 25 ஆட்டங்களில் வென்றார். ஜயன்ட்ஸ் கைவிட்ட மார்க்வார்ட் பழைய கோச்சிடமே வந்து 13 ஆட்டம் வென்றார். மற்ற அணிகள் முடிந்துபோனவர்கள் என்று விட்ட ஜாக் கூம்ஸும் லாரி சேனியும் கூட நன்றாக வீசினார்கள். புரூக்ளின் பட்டத்தை உறுதிசெய்த ஆட்டம் மெக்ராவின் ஜயன்ட்ஸுக்கு எதிராகவே அமைந்தது. தன் ஆட்டக்காரர்கள் மனம் வைத்து ஆடவில்லை என்று கோபித்துக்கொண்டு மெக்ரா பாதியிலேயே பெஞ்சை விட்டு எழுந்து போனார். வேர்ல்டு சீரீஸில் பாஸ்டனிடம் தோற்றார்கள். அதில் ஒரு ஆட்டம் 14 இன்னிங்ஸ் போய் 2–1 என்று முடிந்தது. பாஸ்டனுக்குப் பந்து வீசியவர் 21 வயது பேப் ரூத்.

பர்லி கிரைம்ஸ் இன்னும் தெளிவான உதாரணம். 1917இல் பிட்ஸ்பர்க்குக்காக 3 வெற்றி, 16 தோல்வி. 1918இல் புரூக்ளினுக்கு வந்தார், 19 வெற்றி, 9 தோல்வி. 1920இல் 23 ஆட்டம் வென்று அணிக்கு இரண்டாவது லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தார்.

டேசி வான்ஸ் கதை எல்லாவற்றுக்கும் மேலே. வேகமான கை, ஆனால் எப்போதும் வலி. முப்பது வயது தாண்டியும் பெரிய லீகில் ஒரு வெற்றிகூட இல்லை. நியூ ஆர்லியன்ஸ் அணியிடம் புரூக்ளின் கேட்டது ஹேங்க் டிபெர்ரி என்ற கேட்சரைத்தான். வான்ஸையும் சேர்த்து எடுத்துக்கொண்டால்தான் தருவோம் என்றார்கள். சரி என்று வாங்கினார்கள். மற்றவர்களைவிட ஒரு நாள் கூடுதலாக ஓய்வு கிடைத்தால் அந்தக் கை தாங்கும் என்று தெரிந்தது, ராபின்சன் அதைக் கொடுத்தார். இன்று இது சாதாரணம். பிட்சர் ஓய்வு கேட்டாலே சோம்பேறி என்று சொன்ன காலம் அது. 1922 முதல் 1928 வரை ஏழு ஆண்டும் லீகில் அதிக ஸ்டிரைக் அவுட் வான்ஸுடையது. 1924இல் 28 வெற்றி, 6 தோல்வி, லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. மொத்தம் 197 வெற்றி, எல்லாமே 31 வயதுக்குப் பின். பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான புகழ் மண்டபத்திலும் இடம் கிடைத்தது.

அவரிடமும் குறை உண்டு. 1920 மே 1இல் பாஸ்டனுக்கு எதிராக 26 இன்னிங்ஸ் ஆடி 1–1 என்று சமனில் விட்ட ஆட்டத்தில், லியோன் கடோரை முதல் பந்திலிருந்து கடைசிவரை வீச விட்டார். எதிரணியின் ஜோ ஓஷ்கரும் அப்படித்தான் வீசினார், அந்தக் கால வழக்கமும் அதுதான். இருந்தாலும் வான்ஸின் கையைப் புரிந்துகொண்ட மனிதர் கடோரின் கையை நினைத்துப் பார்த்திருக்கலாம். மறுநாள் 13 இன்னிங்ஸ், அதற்கு மறுநாள் 19 இன்னிங்ஸ், இரண்டிலும் தோல்வி. மூன்று நாளில் 58 இன்னிங்ஸ் ஆடி ஒரு வெற்றிகூட இல்லை. அணி முழுவதையும் ஆண்டு முழுக்கக் கட்டி மேய்ப்பது அவருக்கு வரவில்லை என்பதும் உண்மை. 1916இல் முதலிடம் வந்த அணி அடுத்த ஆண்டே ஏழாம் இடத்துக்கு விழுந்தது. 1925இல் உரிமையாளர் சார்லஸ் எபெட்ஸ் இறந்தபின் கிளப் தலைவர் பொறுப்பும் அவர் தலையில் விழ, மைதானத்தில் கவனம் குறைந்தது. மேனேஜராக அவருடைய மொத்தக் கணக்கு 1,399 வெற்றி, 1,398 தோல்வி.

1924இல் புரூக்ளின் பட்டத்துக்கு மிக அருகில் வந்தது. வான்ஸ் 28, கிரைம்ஸ் 22 வெற்றி. ஒன்றரை ஆட்ட வித்தியாசத்தில் பட்டம் போனது, போனதும் மெக்ராவின் ஜயன்ட்ஸுக்கே. அந்தப் போட்டி கொதித்துக்கொண்டிருந்த செப்டம்பர் 16 அன்று புரூக்ளினின் மைதானமான எபெட்ஸ் ஃபீல்டில் செயின்ட் லூயிஸின் ஜிம் பாட்டம்லி ஆறுக்கு ஆறு அடித்து 12 ரன் கொண்டுவந்தார். 1892இல் ராபின்சன் செய்த 11 ரன் சாதனை, 32 ஆண்டு கழித்து, அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய பிட்சர்களின் பந்திலேயே போனது.

1931 சீசனோடு புரூக்ளின் அவரை விட்டது. 'ராபின்ஸ்' என்ற பெயரும் அவரோடு போய், அணி மறுபடி டாட்ஜர்ஸ் ஆனது. கடைசி ஆண்டுகளில் அட்லாண்டா கிராக்கர்ஸ் அணியின் தலைவராக இருந்தார். மெக்ராவோடு இருந்த பகை அதற்குள் தீர்ந்திருந்தது. 1934 பிப்ரவரியில் மெக்ரா இறந்தார், ஆகஸ்டில் ராபின்சன். இருவரையும் பால்டிமோரின் நியூ கதீட்ரல் கல்லறையில் புதைத்தார்கள். ஹான்லனும் கெல்லியும் பின்னால் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். ராபின்சனுக்குப் புகழ் மண்டப இடம் 1945இல் கிடைத்தது.

புரூக்ளினில் அவரிடம் ஆடிய இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் 1910களில் வெளிக்களத்தில் நின்ற கேசி ஸ்டெங்கல். இன்னொருவர் ராபின்சனின் கடைசி ஆண்டுகளில் வந்து சேர்ந்த இளம் கேட்சர் அல் லோபஸ். லோபஸ் பின்னால் 1,918 ஆட்டங்களில் கேட்சராக ஆடினார். 1987இல் பாப் பூன் தாண்டும்வரை அதுதான் பெரிய லீக் சாதனை. இருவரும் மேனேஜர் ஆனார்கள். 1949 முதல் 1964 வரை பதினாறு ஆண்டுகளில் அமெரிக்கன் லீக் பட்டத்தைப் பதினான்கு முறை நியூயார்க் யாங்கீஸ் எடுத்துக்கொண்டது. அதில் பத்து, ஸ்டெங்கலின் மேற்பார்வையில். மிச்சம் இரண்டு, 1954இல் கிளீவ்லாந்தும் 1959இல் சிகாகோ ஒயிட் சாக்ஸும் வென்றவை. இரண்டு அணிக்கும் மேனேஜர் லோபஸ்.